மூளை இல்லாத பெட்டி

அத்தியாயம் 4

"தொடாதே!" என்றான் ஜெகன்.

மேதா கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். "இது சுபா நமக்காக வெச்சது, பாஸ்."

"குற்றம் நடந்த இடத்துல இருக்கிறது எல்லாமே தடயம்தான்."

"டீயும் தடயமா? ஆறிண்டிருக்கே."

ஜெகன் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில், துப்பறிகிறவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்ப்பார்கள். அவனும் ஜன்னல் பக்கம் போனான். நவம்பர் மாத டெல்லி, மூடுபனிக்குக் குறைவில்லை. பாதி புகை, பாதி தூசி. சிகரெட் தேவைப்படவில்லை, மூச்சை ஒருமுறை இழுத்ததிலேயே இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துத் திரும்பியபோது மேதா பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

துவாரகா பகுதியின் அந்த அடுக்குமாடி சொசைட்டியில், ஏ பிளாக் ஐந்தாவது மாடியில், பாலசுப்ரமணியத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. துண்டு துண்டாக இருந்தது. ஒரு பக்கம் காலி கேபினெட், ஒரு பக்கம் வயர்கள் தொங்கும் பவர் சப்ளை, நடுவில் மதர்போர்டு. ஜெகன் குனிந்து அதைப் பார்த்தான். ஆகாய விமானத்திலிருந்து பார்க்கும் ஏதோ வெளிநாட்டு நகரம் போலிருந்தது. தெருக்கள், கோபுரங்கள், ரயில்பாதை. நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கம், காலியாக.

"இங்கதான் அது உக்காரணும்" என்று அந்தச் சதுக்கத்தைக் காட்டினாள் சுபாஷிணி. பாலசுப்ரமணியத்தின் இளைய மகள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். "நேத்து சாயங்காலம் நேரு பிளேஸ்லேர்ந்து எல்லாத்தையும் கொண்டு வந்து பரப்பி வெச்சேன். கார்த்தால அப்பா ஆபீஸ் போனப்பறம் பூட்ட ஆரம்பிக்கலாம்னு பார்த்தா, ப்ராஸஸரைக் காணோம்."

"எவ்வளவு பெரிசு இருக்கும்?"

"ஒரு பிஸ்கட் அளவு."

ஜெகனும் சுபாஷிணியும் மேதாவைப் பார்த்தார்கள்.

"நான் சாப்ட்டது பிஸ்கட்தான்" என்றாள் மேதா. "க்ரீம் இருந்தது."

"சின்ன பிளாஸ்டிக் டப்பால இருந்தது, ஜெகன். டப்பாவோட போயிடுத்து. அதுதான் இதுக்கு மூளை. அது இல்லேன்னா இத்தனையும் வெறும் தகரம்." சுபாஷிணி கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணரைக்கு எனக்கு டெஸ்ட். நோய்டாவுல ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ. என் மெஷின்ல, அவா ஆன்லைன்ல பார்த்துண்டிருக்கும்போதே ஒரு ஷாட் பண்ணிக் காட்டணும். முடிஞ்ச கையோட உண்டா இல்லையான்னு சொல்லிடுவா. சாஃப்ட்வேர் எல்லாம் புது டிஸ்க்ல ஏத்தி ரெடியா வெச்சுட்டேன், என் பழைய லேப்டாப்ல அது திறக்கவே திறக்காது."

"இன்னொண்ணு வாங்கிட்டா?"

"ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது எல்லாம் இந்த மேஜை மேலதான் இருக்கு. அப்பாகிட்ட கேக்க முடியாது. இந்தப் பெட்டில வெளிச்சம் வரலேன்னா நாளைலேர்ந்து பேங்க் எக்ஸாம் கோச்சிங்னு சொல்லி வெச்சிருக்கார். அட்மிஷனே போட்டாச்சு."

ஜெகன் நிமிர்ந்தான். ஆறு மாதமாக நடக்கும் அவனுடைய துப்பறியும் நிறுவனத்துக்கு அதே சொசைட்டியின் பி பிளாக்கில், அவன் வீட்டு பால்கனியைத் தடுத்த அறைதான் தலைமையகம், மேதாதான் ஒரே உதவியாளர். இதுவரை வந்தவை எல்லாம் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைகள். அதிலும் ஒரு மாப்பிள்ளை இவனைப் பார்த்து, "ரெண்டு நாளா பின்னாலயே வரீங்களே, வண்டியில லிஃப்ட் வேணுமா?" என்று கேட்டுவிட்டார். ஏறிக்கொண்டதை ஜெகன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் இது வழக்கு. பூட்டு உடையவில்லை. பொருள் போயிருக்கிறது. ஒரு பெண்ணின் எதிர்காலம் மூன்றரை மணிக்கு முடிகிறது.

"வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"நேத்து அர்விந்த் வந்தான். என்கூடப் படிச்சவன். பெட்டியெல்லாம் தூக்கிண்டு வந்து கொடுத்துட்டு, காபி குடிச்சுட்டுப் போனான். அம்மா சென்னைல இருக்கா, அக்கா பிரசவத்துக்கு. அப்பாவும் நானும்தான்."

"அப்பா?"

"அப்பாவுக்கு டிவி ரிமோட்டுக்கே நான் வேணும். இதுல எது ப்ராஸஸர்னு அவருக்கு எப்படித் தெரியும்? அதோட, அப்பா அப்படிப்பட்டவர் இல்ல. அம்மா இங்க இருந்திருந்தாதான் கலாட்டா. செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகு காலத்துல டெஸ்டான்னு உக்காரவே விட்டிருக்க மாட்டா. அப்பா பஞ்சாங்கத்தைக் கண்டாலே சிரிப்பார்."

ஜெகன் மேஜையைச் சுற்றி நடந்தான். இரண்டாவது சுற்றில் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"மேதா, கவனி. ஒண்ணும் தெரியாத திருடன் எதை எடுப்பான்? பெரிசா, பளபளன்னு இருக்கிறதை. அதோ, மூணு விசிறி வெச்ச கிராஃபிக்ஸ் கார்டு, அப்படியே இருக்கு. விஷயம் தெரிஞ்ச திருடன்? விலை அதிகமானதை எடுப்பான். அதுவும் அந்த கார்டுதான். ரெண்டு பேரும் எடுக்காத சின்ன டப்பாவை மட்டும் ஒருத்தன் எடுத்திருக்கான்னா என்ன அர்த்தம்?"

"பாக்கெட் சின்னதா இருந்திருக்கும்."

"இது திருட்டே இல்லை! இந்த மெஷின் ஓடக் கூடாதுன்னு நினைக்கிற யாரோ செஞ்சது. சுபா, அர்விந்த் இப்ப என்ன வேலை பார்க்கிறான்?"

சுபாஷிணி தயங்கினாள். "வேலை தேடிண்டிருக்கான். அதே ஸ்டூடியோவுக்கு அவனும் போட்டிருக்கான்."

ஜெகன் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருப்பது தனக்கு எடுப்பாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"பாஸ், இங்க பாருங்க." டப்பா இருந்த இடத்தில் மேதா விரலை வைத்தாள். விரலில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது. "சமைக்காத அரிசி."

"எலி" என்றான் ஜெகன் உடனே.

"எலி அரிசியை எடுத்துண்டு போகும். கொண்டு வந்து வெச்சுட்டு ப்ராஸஸரை எடுத்துண்டு போகாது."

"சாப்பாட்டு மேஜையில அரிசி கிடைச்சதைப் பெரிசா பேசாதே, மேதா. வா, நேரு பிளேஸ். எடுத்தவன் அதை விக்கணும்னா அங்கதான் வரணும்."

சொல்லிவிட்டு வேகமாகக் கதவைத் திறந்துகொண்டு போனான். அது பாத்ரூம் கதவு.

*

நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் விற்காத ஆள் என்று யாரும் இல்லை. படியில் உட்கார்ந்திருந்தவர் மவுஸ் விற்றார். படிக்குக் கீழே இருந்தவர் அந்த மவுஸுக்குப் பை விற்றார். ஜெகன் ஜாக்கெட் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்தான். முகத்தில் புகைக்கான மாஸ்க், அதனால் மூச்சு மேலே போய் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. காலருக்கு உரிய மர்மம் வரவில்லை. ஒரு தூணிடம் மன்னிப்புக் கேட்டான்.

"பாஸ், இந்தப் பக்கம்" என்று அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள் மேதா.

சுபாஷிணி சாமான் வாங்கிய கடை முதல் மாடியில் இருந்தது. கல்லாவில் பல்லா என்பவர் உட்கார்ந்திருந்தார். ஜெகன் தன் விசிட்டிங் கார்டை நீட்டினான். அதில் ஒரு பூதக்கண்ணாடி படம் போட்டிருந்தது. பல்லா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கடை எதிர் வரிசையில் என்று கை காட்டினார்.

மேதா ஹிந்தியில் புகுந்தாள். அவள் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் டெல்லியில்தான். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. பார்க்க அழகு, படிக்க வராது. இரண்டே நிமிஷத்தில் பல்லா அவளை மகளைப் போல 'பேட்டா' என்று கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு, டீ சொல்லியனுப்பியிருந்தார்.

இல்லை, யாரும் ப்ராஸஸர் விற்க வரவில்லை என்றார் பல்லா. அர்விந்தா? அந்த நெட்டைப் பையனா? நல்ல பையன். நேற்று அந்தப் பெண்ணுக்காக அரை மணி நேரம் என்னோடு பேரம் பேசினான். அவனுக்கு அந்த வேலை இல்லையென்று நேற்றே மெயில் வந்துவிட்டதாம், அப்படியும் கூட வந்து பெட்டி தூக்கினான்.

ஜெகனின் காலர் தானாகவே சரிந்தது.

"ஆனா ஒரு விஷயம், பேட்டா" என்றார் பல்லா. "நேத்து ராத்திரி கடை சாத்தும்போது ஒரு போன். பில்லுல இருக்கிற நம்பரைப் பார்த்துப் பண்ணியிருக்கார். வயசானவர். அந்தப் பொண்ணு வாங்கின மெஷினைப் பத்தித்தான் கேட்டார். இதுல எது ரொம்ப முக்கியம், எது இல்லேன்னா மெஷின் மெஷினே இல்லைன்னு."

ஜெகன் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான். "நீங்க என்ன சொன்னீங்க?"

"மூளைதான், அங்கிள்ஜீன்னேன். சின்னதா, சதுரமா, பிளாஸ்டிக் டப்பால இருக்கும்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"பேர் சொன்னாரா?"

"சொல்லலை. ஆனா அவர் பேசின ஹிந்தி இருக்கே!" பல்லா கையெடுத்துக் கும்பிட்டார். "முப்பது வருஷமா கடை நடத்துறேன். அப்படி சுத்தமான ஹிந்தியை டிவி செய்தியிலதான் கேட்டிருக்கேன். 'கிருபயா'ன்னு ஆரம்பிச்சார். மெஷின்னு சொல்லாம 'யந்திரம்'னு சொன்னார். அதோட 'முக்கிய அங்கம்' எதுன்னு கேட்டார். நான் ஏதோ கோவில்லேர்ந்து பேசறாங்கன்னு நினைச்சேன்."

வெளியே வந்ததும் மேதா படியிலேயே நின்றுவிட்டாள். "பாஸ், டெல்லியில யாரு இப்படி ஹிந்தி பேசுவா? டெல்லிக்காரன் பேச மாட்டான். நம்மாளுங்கதான். ஸர்க்கார் ஆபீஸ்ல பரீட்சை எழுதி ஹிந்தி கத்துண்ட தமிழர்கள். எங்கப்பா வெண்டைக்காய் வாங்கும்போதே கடிதம் எழுதற மாதிரிதான் பேசுவார். சப்ஜிவாலா பயந்து போய் அட்டென்ஷன்ல நிப்பான்."

சுபாஷிணி வீட்டு ஷோகேஸ் ஜெகன் கண் முன்னே வந்தது. அதில் பொம்மைகளுக்கு நடுவே வரிசையாக நின்ற கேடயங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அலுவலகங்களில் நடக்கும் ஹிந்திப் போட்டியில் வாங்கியவை. பாலசுப்ரமணியம், முதல் பரிசு. பாலசுப்ரமணியம், முதல் பரிசு. பாலசுப்ரமணியம்.

கோச்சிங் வகுப்பு, முன்கூட்டியே போட்ட அட்மிஷன், முக்கிய அங்கம். எல்லாம் பல்சக்கரம் போலப் பொருந்தின. ஜெகனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிச்சு அவிழும் சத்தம் காதில் கேட்டது. இந்தச் சத்தத்தைப் பற்றி அவன் நிறையப் படித்திருந்தான். உடனே போனை எடுத்தான்.

"இப்ப வேண்டாம், பாஸ். முதல்ல அவரைக் கேப்போம்" என்றாள் மேதா.

அவன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தான். "சுபா, வருத்தப்படாதே. எடுத்தது உங்கப்பா. உன் மெஷின் ஓடக் கூடாதுன்னு திட்டம் போட்டு எடுத்திருக்கார். சாட்சி இருக்கு."

மறுமுனையில் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை. போன் அணைந்தது.

நாவல்களில் இதற்குப் பிறகு அத்தியாயம் முடிந்துவிடும். இங்கே வெயிலும் புகையுமாக அவன் படியில் நின்றுகொண்டிருந்தான். மேதா ஜோக் எதுவும் சொல்லாமல் மெட்ரோவை நோக்கி நடந்தாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

*

பாலசுப்ரமணியத்தின் அலுவலகத்தில் மொபைலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மெட்ரோவில் வரும்போது மேதா லேண்ட்லைனுக்கு அடித்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

"ஓடிட்டார்!" என்றான் ஜெகன்.

"அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டு யாரும் ஓட மாட்டா, பாஸ்."

சொசைட்டி வாசலில் சுபாஷிணி நின்றிருந்தாள். தோளில் ஒரு பெரிய பை, பக்கத்தில் இன்னொரு பை.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் மேதா.

"ஃப்ரெண்ட் ரூமுக்கு. மத்ததை எல்லாம் பூட்டி முடிச்சேன். அப்பறம் நடுவுல அந்த ஓட்டையையே பார்த்துண்டிருந்தேன்." அவள் குரல் தட்டையாக இருந்தது. "ஸ்டூடியோவுக்கு வரலைன்னு மெயில் அடிச்சு வெச்சிருக்கேன். அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவேன்."

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து பாலசுப்ரமணியம் இறங்கினார். தோல்பை, ஸ்வெட்டர், கழுத்தில் இன்னும் தொங்கும் அடையாள அட்டை. ஜெகன் இருவரையும் காவலாளியின் கூண்டுக்குப் பின்னால் இழுத்தான்.

அவர் வேகமாக நடந்தார். ஏ பிளாக் வந்தது. அவர் நிற்கவில்லை. பூங்காவைத் தாண்டி, பி பிளாக் வாசலில் ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"கூட்டாளி!" ஜெகனுக்கு மூச்சு வாங்கியது. "பி பிளாக்ல யாரோ இருக்காங்க. பொருளை அங்கதான் பதுக்கியிருக்கார். வாங்க, படி வழியா!"

மூன்று பேரும் படியேறினார்கள். லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்கும் சத்தம் கேட்டது.

"நாலாவது மாடி, பாஸ்" என்றாள் மேதா மெதுவாக.

"தெரியுது."

"நாலாவது மாடில யார் இருக்கான்னும் தெரியுதா?"

ஜெகன் படிகளின் திருப்பத்திலிருந்து எட்டிப் பார்த்தான். பாலசுப்ரமணியம் ஒரு வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்திக்கொண்டிருந்தார். கதவில் பூதக்கண்ணாடி படம் போட்ட போர்டு ஒன்று ஆணியில் கோணலாகத் தொங்கியது.

கதவு திறந்தது. ஜெகனின் அம்மா இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வாங்கண்ணே. நீங்க வெச்சது வெச்ச எடத்துல அப்படியே இருக்கு. நீங்க சொன்ன மாதிரி யார்கிட்டயும் மூச்சு விடலை. எங்க பயகூடப் பாக்கலை."

உள்ளே போய், சாமி மாடத்திலிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தாள். ஜெகனுக்குக் காது சூடானது. காலையில் வழக்கு வெற்றி பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்த மாடத்தில்தான் திருநீறு எடுத்திருந்தான். முடிச்சு இடைஞ்சலாக இருக்கிறதென்று தன் கையாலேயே நகர்த்தியும் வைத்திருந்தான்.

"அப்பா" என்றாள் சுபாஷிணி.

பாலசுப்ரமணியம் திரும்பினார். மகளை, அவள் தோளில் இருந்த பையை, பின்னால் நின்ற இருவரையும் வரிசையாகப் பார்த்தார். கையிலிருந்த முடிச்சை ஸ்வெட்டருக்குள் ஒளிக்கப் பார்த்து, அது முடியாமல் கையை நீட்டினார். சுபாஷிணி வாங்கி அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு, இரண்டு கொட்டைப் பாக்கு. நடுவில் பிளாஸ்டிக் டப்பா.

மேதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பரஸ்தானம்! அரே பாப்ரே, பரஸ்தானம் வெச்சிருக்கார்!"

"அப்படின்னா?" என்றான் ஜெகன். அவன் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

"ஊருக்குக் கிளம்பற நேரம் சரியில்லேன்னா, முன்னாடியே நல்ல நேரம் பார்த்து ஏதாவது ஒரு சாமானை வேற ஒருத்தர் ஆத்துல கொண்டு வெச்சுடுவா, பாஸ். மஞ்சள், அரிசி, பாக்கோட முடிஞ்சு. அப்பவே கிளம்பியாச்சுன்னு கணக்கு. அப்பறம் ராகு காலத்துல புறப்பட்டாலும் தோஷம் இல்ல. போற வழில அதை எடுத்துண்டா போறும். போற திசைல இருக்கற வீடாப் பார்த்து வெப்பா. நோய்டா எந்தப் பக்கம்? கிழக்கு. ஏ பிளாக்குக்குக் கிழக்கே?"

"பி பிளாக்" என்றான் ஜெகன், பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை தெரிந்த பையன் மாதிரி.

"நான் எங்கப்பா கிளம்பறேன்?" என்றாள் சுபாஷிணி. "நான் அந்த ரூம்ல உக்காரப் போறேன். கம்ப்யூட்டர் ரயிலாப்பா?"

"உத்தியோகத்துக்குத்தானே போறே?" என்றார் பாலசுப்ரமணியம். அவர் யாரையும் பார்க்கவில்லை. "ரூமுலேர்ந்து போனா என்ன, ரயில்லேர்ந்து போனா என்ன. ராத்திரி நீ தூங்கினப்பறம் கட்டி வெச்சுண்டேன். கார்த்தால ஆபீஸ் போறச்சே நல்ல நேரத்துல இங்க கொடுத்தேன். ரெண்டரைக்கு எடுத்துண்டு வந்து மேஜைல வெச்சுடலாம்னு லீவும் போட்டேன். மூளைதானே, கடைசில வெச்சாப் போறும்னு நினைச்சேன்."

"ஸர்க்கார் ஆபீஸ் பழக்கம்" என்று முணுமுணுத்தாள் மேதா.

"அது இல்லாம கூலர் விசிறியைப் பூட்ட முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சிரிப்பே."

சுபாஷிணி சிரிக்கவில்லை.

"நானா பண்ணலை" என்றார் அவர் அவசரமாக. "உங்கம்மா போன்ல பிடுங்கி எடுத்துட்டா. எனக்கேது இதுலெல்லாம் நம்பிக்கை?"

"மன்னிச்சுக்குங்க, அங்கிள். நான் உங்களைத் தப்பா..." என்று ஆரம்பித்தான் ஜெகன்.

"உன்மேல எனக்கு வருத்தமே இல்லைடா. எங்க வெச்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு யோசிச்சேன். உங்க வீடுதான் ஞாபகம் வந்தது."

இந்திராணி இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். "உள்ளே வாங்க, காபி போடறேன்" என்றாள். யாரும் நிற்கவில்லை. சுபாஷிணி படிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, இந்த வழக்கில் தன்னால் முடிந்த ஒரே உபயோகமான வேலை இதுதான் என்று நினைத்தபடி, ஜெகன் பின்னால் ஓடினான்.

*

சுபாஷிணி டப்பாவை ஊதினாள். மூடி இடுக்கில் மாட்டியிருந்த ஒரு அரிசி பறந்து போனது. ப்ராஸஸரை ஓரத்தில் பிடித்து எடுத்து, மூலையில் இருந்த சின்னத் தங்க முக்கோணத்தைப் பலகையில் இருந்த முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டாள். அது தானாக உட்கார்ந்தது. காலிச் சதுக்கத்தில் ஆள் வந்துவிட்டது.

பிறகு சூட்டை இறக்கும் பசை, கூலர், திருகுகள். ஜெகனின் கையில் டார்ச் இருந்தது. அவன் அதை உணர்ச்சிப் பெருக்கில் கூரைக்கு அடித்தபோதெல்லாம் மேதா மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பாலசுப்ரமணியம் உள்ளங்கையில் திருகுகளை வைத்துக்கொண்டு நின்றார். சுபாஷிணி கையை நீட்டும்போதெல்லாம் ஒன்று கொடுத்தார்.

பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போய், கடைசி வயரைச் சொருகிவிட்டு அவள் பட்டனை அழுத்தினாள்.

விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பாக இருந்தது.

"வரலையே" என்றான் ஜெகன்.

"முதல் தடவை நேரம் எடுக்கும்" என்றாள் சுபாஷிணி. ஆனால் அவள் மூச்சு விடவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. மேலே ஒரு விமானம் இறங்கும் இரைச்சல் கேட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரைச்சல் பெரிதாகி, தேய்ந்து, முழுக்க அடங்கியும் திரை கறுப்புதான். பாலசுப்ரமணியம் மிச்சமிருந்த ஒற்றைத் திருகோடு கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு துடித்தது. பிறகு எழுத்துகள். பிறகு வெளிச்சம்.

மேதா போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. சுபாஷிணி எல்லோரையும் அறையிலிருந்து தள்ளிக் கதவைச் சாத்தும்போது மணி மூன்று இருபது. அனுப்பாமல் வைத்திருந்த மெயிலை அவள் அழிப்பதை மேதா கதவிடுக்கில் பார்த்தாள்.

வெளியே மூவரும் ஹால் சோபாவில் உட்கார்ந்தார்கள். பாலசுப்ரமணியம் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மொபைல் அடித்தது. சென்னையிலிருந்து அவர் மனைவி விஜயலக்ஷ்மி. அவர் எடுப்பதற்குள் மேதா எடுத்துவிட்டாள்.

"மாமி! நான் மேதா பேசறேன். உங்க பரஸ்தானம் ஜெயிச்சுடுத்து! சுபா டெஸ்டுக்கு உக்காந்துட்டா!"

"என்ன பரஸ்தானம்?" ஸ்பீக்கரில் மாமியின் குரல் கணீரென்று வந்தது. "நான் எங்கடி சொன்னேன்? நான் சொன்னா அவர் கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். டெஸ்டு புதன்கிழமைன்னுதானே என்கிட்ட சொன்னார்? இன்னிக்கா? ஐயையோ, இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே, இந்த நேரத்துலயா..."

"மாமி, நெட்வொர்க் சரியில்ல, அப்பறம் பேசறேன்." மேதா போனை அணைத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.

பாலசுப்ரமணியம் ஷோகேஸில் இருந்த கேடயங்களை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகனுக்கு எல்லாம் புரிந்தது. பல்லாவுக்குப் போட்ட போன், ராத்திரி சமையலறையில் இருட்டில் அரிசி தேடிய கை, மனைவி கவலைப்படக் கூடாதென்று சொன்ன பொய். அன்று முழுவதும் அவன் செய்த அனுமானங்களில் சரியானது இது ஒன்றுதான். வாயைத் திறந்தான். மேதா அவன் காலை மிதித்தாள். அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து சுபாஷிணி ஆங்கிலத்தில் பேசும் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நெடுநேரம் மவுஸ் சத்தம். பிறகு வேறு யாரோ பேசினார்கள், ஒரு ஆண், ஒரு பெண். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது.

"அப்பா!" சுபாஷிணியின் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "அப்பா, திங்கட்கிழமைலேர்ந்து..."

"இரு!" பாலசுப்ரமணியம் எழுந்து நின்று, போக்குவரத்துப் போலீஸ் போலக் கையை நீட்டினார். அவர் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. "சொல்லாதே. நாலரை ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ராகு காலம் முடியட்டும். உள்ளே போய் உக்காரு. அப்பறமா வெளில வந்து, முதல்லேர்ந்து சொல்லு."

சுபாஷிணி அவரைப் பார்த்தாள். பஞ்சாங்கத்தைக் கண்டாலே சிரிக்கும் மனிதரை, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஷூவோடு, கையை இறக்காமல் நின்றவரை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூவரும் மறுபடி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் அவள் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கி, அடக்க முடியாமல், திரும்பத் திரும்ப.

"யாரும் காதுல வாங்கப்படாது" என்றார் பாலசுப்ரமணியம், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.